கடற்கரை நடையில் செடிகளை அடையாளம் காண்பது எப்படி? பூவை மட்டும் படமெடுத்து ஏமாந்த ஒருவரின் வழிகாட்டி

முதல் தடவை கடற்கரைக்குச் செடி பார்க்கப் போனபோது 48 படங்களோடு திரும்பினேன். எல்லாமே பூக்கள். எல்லாமே நின்ற வாக்கில் மேலிருந்து எடுத்தவை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் ஊதா நிறத்தில் ஒரு புனல், மஞ்சளாக ஒரு வட்டம், வெள்ளையாக ஒரு புள்ளி. இலை எப்படி இருந்தது? தெரியாது. கொடியா, குத்துச்செடியா? ஞாபகமில்லை. கிள்ளினால் பால் வந்ததா? கிள்ளியே பார்க்கவில்லை. 48-இல் உறுதியாகப் பெயர் சொல்ல முடிந்தது மூன்றுக்குத்தான். அதிலும் ஒன்று தப்பு என்று இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

நீங்கள் அந்த இரண்டு மாதத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. குனியத் தயாராக இருந்தால் போதும். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் வெப்பமண்டல மணற்கரைகளிலிருந்து எடுத்திருக்கிறேன். குளிர்ந்த நாட்டுக் கரையில் நடப்பவர்களுக்குச் செடிகள் மாறும், செய்முறை மாறாது.

1. கிளம்புவதற்கு முன்: கரை, நேரம், அனுமதி

கடற்கரை என்றால் மணல் மட்டும் இல்லை. மணல்மேடு, பாறை, உப்புச் சதுப்பு, கழிமுகச் சேறு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு செடிகள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மணற்கரைதான் நல்லது. வகைகள் குறைவு, ஒன்றையொன்று மறைக்காமல் தள்ளித் தள்ளி வளரும், வழுக்கி விழவும் மாட்டீர்கள்.

நேரம்: சூரியன் எழுந்த அரை மணியிலிருந்து இரண்டரை மணி நேரம் வரை. வெயிலுக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. கடற்கரையில் மிகுதியாகத் தென்படும் அடம்பு என்கிற கொடியின் பூ காலையில் விரிந்து பிற்பகலில் சுருண்டுவிடும். மாலையில் போனால் கசங்கிய துணி போல ஒன்றைத்தான் பார்ப்பீர்கள். நடுப்பகல் வெயில் படங்களையும் கெடுக்கும். இலை நரம்புகள் எல்லாம் வெளிறிப் போகும்.

மணல்மேட்டுச் செடிகளுக்கு ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) பார்க்க வேண்டியதில்லை. சதுப்புக்கோ பாறைக்கோ போகிறீர்கள் என்றால் ஓத அட்டவணையைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். நீர் முழுவதும் வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இறங்கி, நீர் திரும்பத் தொடங்குவதற்குள் ஏறிவிடுவது பாதுகாப்பு. பெரும்பாலான கரைகளில் ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்றைய நேரத்தை நம்பி இன்று போகாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் வற்றும், அதே அளவு வேகமாக ஏறவும் செய்யும்.

அனுமதி விஷயத்தில்தான் புதியவர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். பொதுக் கரையில் நடந்து படம் எடுப்பதற்கு வழக்கமாக யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் காப்புக்காடு, சரணாலயம், துறைமுக எல்லை, ராணுவ நிலம் என்றால் கதை வேறு. சில இடங்களில் நுழையவே அனுமதிச் சீட்டு வேண்டும். நுழைய அனுமதி இருப்பதாலேயே இலை பறிக்கவும் அனுமதி இருப்பதாக ஆகாது; அது தனிக் கடிதம், கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். ஆமை முட்டையிடும் காலத்திலும், தரையில் கூடு வைக்கும் பறவைகளின் காலத்திலும் மணல்மேட்டை அடைத்து வைப்பதுண்டு. அறிவிப்புப் பலகையை முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள், யாராவது கேட்டால் காட்டலாம். வெளிநாட்டுக் கரையில் விதை பொறுக்கி ஊருக்குக் கொண்டுவரும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல், அபராதம் இரண்டும் நடக்கலாம்.

2. பையில் என்ன வேண்டும், என்ன வேண்டாம்

செலவு என்று பார்த்தால் புதிதாக வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். கடையில் 30 மடங்கு, 40 மடங்கு என்று எழுதியதை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். மடங்கு கூடக் கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும், இருட்டும். காற்றில் ஆடும் செடியில் எதுவுமே நிலைத்துத் தெரியாது.

கைலென்ஸைப் பிடிப்பதிலும் ஒரு முறை உண்டு. துப்பறிவாளர் போலச் செடிக்குப் பக்கத்தில் லென்ஸை நீட்டி, தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் நான். தப்பு. லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடிக்க வேண்டும். அப்புறம் இலையையோ பூவையோ லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். பறிக்க முடியாத செடி என்றால் நாம்தான் படுக்க வேண்டும். வேறு வழியில்லை.

மற்றவை வீட்டிலேயே இருக்கும். சின்னக் குறிப்பேடு, பென்சில் (பேனா மை ஈரக்காற்றில் ஊறும்), 15 செ.மீ. அளவுகோல், கைப்பேசிக் கேமராவைத் துடைக்க ஒரு மெல்லிய துணி, தண்ணீர், தொப்பி. துணியை மறக்காதீர்கள். உப்புச் சாரல் கண்ணாடியில் படிந்து எல்லாப் படமும் பனிமூட்டமாக வந்த ஒரு காலை எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது.

தடிமனான தாவர நூலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கரையில் நின்று புரட்டினால் காற்றுதான் பக்கம் திருப்பும்.

3. செடியைப் பார்க்கும் முன் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

கடலுக்கு முதுகைக் காட்டி நின்று கரையை நோக்கிப் பாருங்கள். வரிசை வரிசையாகச் செடிகள் மாறுவது தெரியும். கடலிலிருந்து எத்தனையாவது வரிசையில் நிற்கிறது என்பதே பாதி அடையாளம்.

முதலில் அலை கொண்டுவந்து போட்ட குப்பைக் கோடு. இங்கே கிடப்பது பெரும்பாலும் கடல்பாசியும் கடற்புல்லும். இரண்டும் ஒன்றல்ல. கடற்புல் பூக்கும் தாவரம், அதற்கு உண்மையான வேர் உண்டு, இலையில் நரம்பு ஓடும். கடல்பாசிக்கு வேர் கிடையாது, பிடிமானம் மட்டும்தான். தரைச்செடி பார்க்க வந்தவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாம்.

அடுத்தது நடமாடும் மணல். இங்கே வேரூன்றத் துணிவது படரும் கொடிகளும் விறைப்பான புற்களும்தான். அடம்பு இங்கேதான் கடலை நோக்கிக் கையை நீட்டியபடி கிடக்கும். இராவணன் மீசை என்கிற புல்லும் இங்கேதான். அதன் இலை நுனி ஊசி, செருப்பில்லாமல் போனால் உடனே அடையாளம் காட்டிக்கொடுக்கும். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் முள்பந்து காய்ந்ததும் கழன்று காற்றில் மணல்மேல் உருண்டு ஓடும். நின்றுகொண்டிருக்கும்போது ஒரு பந்து உங்கள் காலருகே உருண்டு போனால், தாய்ச்செடி காற்று வந்த திசையில் இருக்கிறது என்று தேடிப் போகலாம்.

அதற்கும் பின்னால், மணல் கொஞ்சம் அமைதியான இடத்தில் எழுத்தாணிப்பூண்டு, நெருஞ்சி, கோரை வகைகள், எருக்கு. அப்புறம் தாழை, புன்னை, பூவரசு, நட்டு வைத்த சவுக்கு. பள்ளமாக உப்புநீர் தேங்கும் இடங்களில் உமரி போன்ற சதைப்பற்றுள்ள செடிகள்.

குளிர்ந்த கரைகளிலும் இதே வரிசைதான், ஆட்கள் மாறுவார்கள். ஐரோப்பியக் கரைகளில் குப்பைக் கோட்டை ஒட்டிக் காக்கிலே மாரிட்டிமா நிற்கும், சதைப்பிடிப்பான இலையும் நான்கு இதழ் வெளிர் ஊதாப் பூவுமாக. மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அம்மோஃபிலா என்கிற புல். அதன் இலை உள்பக்கமாகக் குழாய் போலச் சுருண்டு ஈரத்தைக் காக்கும்.

4. ஒரு செடியின் முன் உட்காருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஒரு நடைக்கு ஐந்து செடி போதும். பெயர் என்ன என்று கேட்கும் முன் கீழே உள்ளவற்றுக்குப் பதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பூவைக் கடைசியில் பாருங்கள்.

இலை தண்டில் எப்படி ஒட்டியிருக்கிறது? ஒரு கணுவில் ஒரு இலை என்றால் மாற்றிலை. எதிரெதிராக இரண்டு என்றால் எதிரிலை. மூன்றோ அதற்கு மேலோ சுற்றி நின்றால் வட்ட அடுக்கு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்ததுதான். ஆனால் இந்த ஒரு கேள்வி சந்தேகப் பட்டியலைப் பாதிக்குப் பாதி குறைக்கும். எடுத்துக்காட்டாக, உப்பு நிலத்தில் சதைப்பற்றுள்ள இரண்டு செடிகள் பக்கத்தில் பக்கத்தில் படர்ந்திருக்கும். எதிரிலையும், இலைக்கோணத்தில் (இலை தண்டில் சேரும் மூலையில்) இளஞ்சிவப்பு நட்சத்திரப் பூவும் இருந்தால் செசுவியம். மாற்றிலையும், கண்ணுக்கே தெரியாத பச்சைப் பூக்கொத்தும் இருந்தால் சுவேடா, அதாவது உமரி. பூ இல்லாத காலத்திலும் இலை அடுக்கை வைத்தே பிரித்துவிடலாம்.

தனி இலையா, கூட்டிலையா? இங்கேதான் எல்லோரும் விழுவார்கள், நானும் விழுந்தேன். சின்னச் சின்ன இலைகள் வரிசையாக இருந்தால் அவை தனித்தனி இலைகளா, ஒரே இலையின் சிற்றிலைகளா என்று எப்படித் தெரியும்? மொட்டைத் தேடுங்கள். இலைக்காம்பு தண்டில் சேரும் மூலையில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது.

நான் தப்பாகச் சொன்னது எது தெரியுமா? அடம்பு. மணலில் படரும் தடித்த கொடி, ஊதாச் சிவப்புப் பூ, பெரிய வட்டமான இலைகள். பார்த்ததும் அடம்பு என்று எழுதிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் அவரைக்காய் போலத் தடித்த காய் தொங்கியது. அடம்பில் அவரைக்காய் எப்படிக் காய்க்கும்? குனிந்து பார்த்தால் ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள். அது கானவேலியா ரோசியா, அவரைக் குடும்பத்துக் கடற்கரைக் கொடி. அடம்பின் இலை ஒற்றை இலை. நுனியில் இரண்டாகப் பிளந்து ஆட்டுக் குளம்பு பதிந்த மாதிரி இருக்கும். அதன் அறிவியல் பெயரான ஐப்போமியா பெஸ்-காப்ரேயில் வரும் 'பெஸ்-காப்ரே' என்பதற்கு லத்தீனில் ஆட்டுக்கால் என்றுதான் பொருள். பூவையும் சரியாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒன்று முழுப் புனல், மற்றது அவரைப் பூ. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஊதாப் புள்ளிதான்.

தண்டின் குறுக்குவெட்டு எப்படி? விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். புல் போலத் தெரிந்து, உருட்டும்போது மூன்று மூலை தட்டுப்பட்டால் பெரும்பாலும் கோரை. உருண்டையாக, கணுக்களோடு, நடுவில் உள்ளீடற்று இருந்தால் புல். நாற்சதுரமாக இருந்தால் துளசிக் குடும்பத்தின் பக்கம் யோசிக்கத் தொடங்கலாம், ஆனால் வேறு குடும்பங்களிலும் அது உண்டு.

பால் வருகிறதா? ஒரே ஒரு முதிர்ந்த இலையின் காம்பைக் கிள்ளிப் பாருங்கள். அடம்பு, எழுத்தாணிப்பூண்டு, எருக்கு மூன்றிலும் பால் உண்டு. கிள்ளிய விரலைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. ஏன் என்று 9-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

அடிப்பக்கம் பார்த்தீர்களா? இலையைத் திருப்பிப் பார்க்காதவர்கள் பூவரசையும் நீர்ப்பருத்தியையும் பிரிக்கவே முடியாது. இரண்டுக்கும் இதய வடிவ இலை, மஞ்சள் பூ, இரண்டு பூவும் வாடும்போது சிவக்கும். நீர்ப்பருத்தி இலையின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் மென்மயிரோடு இருக்கும். பூவரசு இலை இருபுறமும் வழவழப்பு. காய்ந்தபின் நீர்ப்பருத்தியின் காய் ஐந்தாக வெடிக்கும், பூவரசங்காய் சட்டென்று வெடிக்காமல் குண்டாகவே தொங்கும்.

இன்னொன்று, லென்ஸ் வாங்கிய காசு எனக்குத் திரும்பி வந்த இடம் இது. சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பச்சை 'ஊசி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியிலை மரம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த ஊசி இலையே இல்லை, மெல்லிய கிளை. நீளவாக்கில் வரிகள் ஓடும், சில மில்லிமீட்டருக்கு ஒரு கணு. இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் கணுவில் 'டக்' என்று கழன்று வரும். கழன்ற விளிம்பை லென்ஸில் பாருங்கள். கிரீடம் போலச் சின்னச் சின்னப் பற்கள், ஏழெட்டு இருக்கும். அந்தப் பற்கள்தான் இலைகள். எண்ணி முடிப்பதற்குள் காற்று பிடுங்கிக்கொண்டு போகும், இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம், கீழே கொட்டிக் கிடக்கும்.

பூவை இப்போது பாருங்கள். இதழ்கள் தனித்தனியா, ஒட்டியிருக்கின்றனவா, எத்தனை, எந்தப் பக்கம் வெட்டினாலும் சமமாக வருமா? பாதிப் பூவைக் கிள்ளி எறிந்த மாதிரி ஐந்து இதழும் ஒரே பக்கம் விசிறியாக நின்றால் அது பூச்சி தின்றதல்ல. ஸ்கேவோலா என்கிற கடற்கரைப் புதரின் பூவே அப்படித்தான்.

5. படங்கள்: ஒரு செடிக்கு ஏழு

ஏழு என்பது என் கணக்கு. செடி நிற்கும் இடம் தெரிய ஒன்று. முழுச் செடி ஒன்று. இலை மேல்பக்கம், இலை அடிப்பக்கம். இலை தண்டில் சேரும் கணு. பூ முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் (இதை ஒன்றாகக் கணக்கிட்டு ஏமாற்றிக்கொள்கிறேன்). காய் இருந்தால் காய். ஏதாவது ஒரு படத்தில் அளவுகோல் இருக்கட்டும். செருப்பை அளவுக்கு வைக்காதீர்கள், யாருடைய செருப்பு எத்தனை செ.மீ. என்று யாருக்கும் தெரியாது.

காற்றை மறிக்க உடம்பைச் சுவராக்கி உட்காருங்கள். இலைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தால் கேமரா மணலை விட்டுவிட்டு இலையில் குவியும். கைப்பேசியில் இடக்குறிப்பை இயக்கி வைத்திருக்கிறீர்களா என்று முதல் படத்துக்கு முன்பே பாருங்கள். படங்களைச் செய்திச் செயலி வழியாக ஒருவருக்கு அனுப்பி, அவர் அங்கிருந்து பதிவேற்றினால் இடமும் நேரமும் கழன்றுவிடலாம், படமும் சுருங்கும். மூலப் படத்தையே பயன்படுத்துங்கள்.

அடுத்த செடிக்குப் போகும் முன் வெறும் மணலை ஒரு படம் எடுங்கள். வீட்டில் உட்காரும்போது எந்த இலை எந்தப் பூவுக்கு என்று குழம்பாமல் இருக்க இந்த மணல் படம்தான் தடுப்புச் சுவர்.

6. குறிப்பேடு: உங்களிடம் இருக்க வேண்டிய ஆவணம் இதுதான்

படம் சொல்லாததை மட்டும் எழுதினால் போதும். தேதி, நேரம், கடல்கோட்டிலிருந்து எத்தனை தப்படி, மணலா சேறா பாறையா, மணம், பால், தொட்டால் எப்படி இருக்கிறது, பக்கத்தில் வேறென்ன வளர்கிறது, யாராவது நட்டதா தானாக முளைத்ததா. இலையைக் கசக்கி முகர்ந்ததை எந்தக் கேமராவும் பதியாது. ஒரு செடிக்கு மூன்று நிமிடம். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நான் சொல்வதைக் கேளுங்கள், எழுத மாட்டீர்கள்.

7. செயலியிடம் கேட்பது, அது சொல்வதை நம்பாமல் இருப்பது

படத்தைப் பார்த்துச் செடியின் பெயரை ஊகிக்கும் செயலிகளில் ஐநேச்சுரலிஸ்ட், பிளாண்ட்நெட் இரண்டும் இலவசம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பிளாண்ட்நெட்டில் இது இலையா, பூவா, காயா, பட்டையா என்று உறுப்பைக் குறிக்க முடியும், அதைச் சரியாகக் குறித்தால் விடை மேம்படும். ஐநேச்சுரலிஸ்டின் பலம் வேறு. செயலி ஒரு ஊகத்தைச் சொல்லும், அப்புறம் ஆட்கள் பார்த்துத் திருத்துவார்கள். படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனப்பெயரில் ஒத்துப்போனால் அந்தப் பதிவு 'ஆய்வுத் தரம்' பெறும். சில நிமிடத்திலும் நடக்கும், சில மாதமும் ஆகும். பூக்காத புல்லைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஆண்டும் ஆகலாம்.

பொறிகள் மூன்று. முதலாவது, ஒரு கொடியின் பூவையும் அதன்மேல் படர்ந்த இன்னொன்றின் இலையையும் ஒரே பதிவில் போடுவது. இரண்டாவது, நட்ட செடியைக் காட்டுச்செடி என்று பதிவது. சவுக்குத் தோப்பைப் பதியும்போது 'வளர்க்கப்பட்டது' என்று குறித்துவிடுங்கள். மூன்றாவதுதான் பெரிது: செயலி சொன்ன பெயரை நீங்களே ஆமோதித்துவிடுவது. முதல் ஊகத்தைப் பார்த்ததும் உங்கள் குறிப்பேட்டை எடுத்து, அந்த இனத்தின் விவரத்தோடு ஒப்பிடுங்கள். இலை அடுக்கு பொருந்துகிறதா? இந்தக் கரையில் அது வளருமா? பொருந்தவில்லை என்றால் பேரினத்தோடோ குடும்பத்தோடோ நின்றுவிடுங்கள். 'கோரைக் குடும்பம், அதற்கு மேல் தெரியவில்லை' என்று எழுதுவதில் எந்த அவமானமும் இல்லை.

அரிதான செடி என்று தோன்றினால் துல்லிய இடத்தை மறைத்து வைக்கும் வசதி ஐநேச்சுரலிஸ்டில் உண்டு. பிடுங்கிப் போக ஆட்கள் எல்லாக் கரையிலும் இருக்கிறார்கள்.

8. பெயர்களில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

நம் செடிப் பெயர்கள் அழகானவை, அதே அளவு குழப்பமானவை. உமரி என்று ஒருவர் சுவேடாவைச் சொல்வார், இன்னொருவர் இலையே இல்லாமல் கணுக்கணுவாக நிற்கும் வேறொரு உப்புச் செடியைச் சொல்வார். இருவரும் அவரவர் ஊரில் சரிதான். நெருஞ்சியும் யானை நெருஞ்சிலும் பெரியதும் சிறியதுமான ஒரே செடி இல்லை, குடும்பமே வேறு. நெருஞ்சிக்குப் புளிய இலை போன்ற கூட்டிலை, ஐந்து தனி இதழ். யானை நெருஞ்சிலுக்குத் தனி இலை, குழல் பூ, இலையைத் தண்ணீரில் கலக்கினால் கொழகொழவென்று ஆகும்.

ஆகவே உள்ளூர்ப் பெயரைக் கேட்டு எழுதுங்கள், யார் எங்கே சொன்னார்கள் என்பதோடு. பக்கத்தில் அறிவியல் பெயரையும் எழுதுங்கள். அதுவும் மாறும் என்பதுதான் வேடிக்கை. பழைய நூலில் கானவேலியா மாரிட்டிமா என்று இருப்பதும் இன்றைய கானவேலியா ரோசியாவும் ஒரே கொடி. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தாவரப் பட்டியலில் பழைய பெயரைத் தட்டினால் இப்போது ஏற்கப்படும் பெயருக்குக் கொண்டுபோய் விடும். காசு கிடையாது.

9. தொடக் கூடாதது, வாயில் வைக்கக் கூடாதது

எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். சேற்றுக் கரையில் அலையாத்தி மரங்களோடு நிற்கும் தில்லை மரத்தின் பால் அதைவிட மோசம், தற்காலிகமாகக் கண் தெரியாமல் போகும், தோல் கொப்பளிக்கும். சதுப்பில் அடையாளம் தெரியாத மரத்தின் இலையைக் கிள்ளாதீர்கள். அங்கே மட்டும் பால் சோதனை வேண்டாம். கரீபியன், புளோரிடா கரைகளில் நடப்பவர்கள் மான்சினீல் மரத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மழைக்கு அதனடியில் ஒதுங்கினாலே சொட்டும் நீர் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பால் பட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள். குடிக்கும் தண்ணீர் பையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சப்பாத்திக்கள்ளியில் பெரிய முள்ளுக்குப் பயப்படுவோம். ஆபத்து அதன் அடியில் இருக்கும் மயிர் போன்ற முட்களில்தான். விரலில் ஏறினால் லென்ஸும் பொறுமையும் வேண்டும், பிடுங்க.

தின்பதைப் பொறுத்தவரை, முதல் ஆண்டு எதையும் வாயில் வைக்காதீர்கள். கடற்கரையில் உண்ணத்தக்க செடிகள் உண்டு, அவற்றைப் போலவே இருப்பவையும் உண்டு. சரியான செடியாகவே இருந்தாலும் கழிவுநீர் கலக்கும் இடத்தில் முளைத்திருந்தால் அது வேறு பிரச்சினை.

10. அதே இடத்துக்கு மறுபடி போங்கள்

புது இடம் தேடி அலைவதைவிட ஒரே 300 மீட்டரை மாதத்துக்கு ஒருமுறை நடப்பது பலன் தரும். பூ, காய், விதை மூன்றையும் ஒரே செடியில் பார்த்தபின் அதை வாழ்நாளில் தவறவிட மாட்டீர்கள். மழைக்குப் பிறகான மூன்று நான்கு வாரங்கள்தான் பொன்னான காலம், ஓராண்டுப் பூண்டுகள் எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். கடும் வெயில் காலத்தில் போனால் புற்களும் சதைப்பற்றுச் செடிகளும்தான் மிஞ்சியிருக்கும். அதனால் அவற்றைப் படிக்க அதுவே நல்ல நேரம்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களைத் 'தெரியாதவை' என்று ஒதுக்கி வையுங்கள். என்னுடையதில் இப்போது பதினொன்று இருக்கின்றன. அதில் ஆறாவது, மணலோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு சின்னப் பூண்டு. எதிரிலை, சதைப்பற்று, பால் இல்லை. நான்கு தடவை போயும் பூவைப் பார்க்கவில்லை. போன மாதம் போனபோது கணுவில் கடுகளவு மொட்டு இருந்தது.